இரவல் குரல்

நம்பாத ஒன்றை, வாழ்ந்து பார்க்காத ஒன்றை வாய்விட்டுப் பாடினால் அது பொய்க் கணக்கில் சேருமா? சேரும் என்கிறாள் என் தங்கை. பருத்திப்பட்டில் அவள் போகும் பெந்தெகொஸ்தே சபையில் ஞாயிறுதோறும் ஆராதனைப் பாட்டை நடத்துவது அவள் மகள். சென்னையில் ஒரு நாடகக் குழு ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோலை வைத்து இசை நாடகம் போடப்போகிறது. நடிக்க ஆள் எடுக்கிறார்கள். அதற்கு ஒரு பாட்டு தேர்ந்து தரச் சொல்லி மருமகள் என்னிடம் வந்தாள். குடும்பத்தில் கிதார் இருப்பது என் வீட்டில்தான். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலம் முழுக்க, சனிக்கிழமை கல்யாண மேடையில் மெல்லிசைக் குழு, ஞாயிற்றுக்கிழமை சி.எஸ்.ஐ. கோயிலில் பாடகர் குழு என்று இரண்டு பக்கமும் வாசித்தவன் நான்.

"உலகப் பாட்டு வேண்டாம்ணா. அதே வாயாலதான ஞாயித்துக்கிழமை அல்லேலூயா சொல்லணும்?" என்றாள் தங்கை. துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படலாகாது என்னும் யாக்கோபு நிருபத்தைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை.

இந்த மாதிரித் தேர்வுகளுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. நடக்கப்போகும் நாடகத்தின் பாட்டையே பாடாமல், அதே காலத்துச் சாயலில் வேறொன்றைப் பாடுவது நல்லது. முழுப்பாட்டுக்கு நேரம் தரமாட்டார்கள். 16 பார், மிஞ்சினால் 32. பியானோக்காரர் முன்னால் வைக்கிற தாளில் நம் சுருதி சரியாக இருக்க வேண்டும். இவளுக்கு ஐந்தரைக் கட்டை. அந்தச் சுருதியில் வாசித்துப் பார்த்து மூன்றை எடுத்து வைத்தோம்: கோனி பிரான்சிஸின் 'ஹூஸ் சாரி நௌ', வாண்டா ஜாக்சனின் 'ஃப்யூஜியாமா மாமா', சிஸ்டர் ரோசெட்டா தார்ப் 1944இல் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே'.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் பில் ஹேலியின் ராக் பாட்டு முதலிடத்துக்கு ஏறியது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. ஆவடிக்காரனாக எனக்குச் சேர்த்துச் சொல்லப் பிடிக்கும். ஆனால் இன்னொரு சம்பந்தம் நிஜம். தங்கை பயப்படுகிற அந்த இசை, அவள் சபை போன்ற சபைகளிலேயே வளர்ந்தது. எல்விஸ் பிரெஸ்லி சிறுவனாகக் கைதட்டிப் பாடியது டுபெலோ ஊரில் அசெம்பிளி ஆஃப் காட் சபையில். ஜெரி லீ லூயிஸும் அந்தச் சபைப் பிள்ளைதான். இங்கே தகரக் கூரைக்கு அடியில் பேட் வாசிக்கிற தம்பி இரண்டாம் அடியையும் நான்காம் அடியையும் அழுத்துவதும், மூன்றே கார்டில் கூட்டம் எழுந்து நிற்பதும் அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது.

இதைச் சொல்லித் தங்கையை மடக்கிவிடலாம் என்றால் முடியாது. ஜெரி லீ லூயிஸே அவள் கட்சி. 1957இல் மெம்பிஸின் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கும் முதலாளி சாம் பிலிப்ஸுக்கும் நடந்த வாக்குவாதம் நாடாவில் பதிவாகியிருக்கிறது. இது பிசாசின் இசை என்று அடித்துச் சொல்கிறார் பாடகர். இதை வைத்தே மனிதர்களுக்கு நன்மை செய்யலாம் என்கிறார் பிலிப்ஸ். சண்டை முடிந்து, எந்தப் பாட்டைப் பதிவு செய்ய வந்தாரோ அதையே பாடினார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணத்தில் இருந்த லிட்டில் ரிச்சர்ட், வானத்தில் நெருப்புப் பந்து ஒன்றைக் கண்டு, மோதிரங்களைத் தண்ணீரில் எறிந்துவிட்டு வேதம் படிக்கப் போனார். பிறகு மேடைக்குத் திரும்பியும் வந்தார். பாட்டு பாடுகிறவனை ஒன்றும் செய்யாது என்று இவர்களிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. வெறும் பொழுதுபோக்குதானே என்று பேசுகிற நம்மைவிட, பயப்படுகிற என் தங்கை இசைக்கு அதிக மரியாதை தருகிறாள்.

அவளிடம் நான் எடுத்தது வேறு வழக்கு. லெந்து நாட்களில் எங்கள் அம்மா 51ஆம் சங்கீதத்தைக் கண்ணீரோடுதான் பாடுவார். அது தாவீதின் பாவ அறிக்கை. பத்சேபாளுக்காக உரியாவைக் களத்தில் சாகவிட்ட பிறகு பாடியது. அம்மா யாரையும் கொன்றதில்லை, அண்டை வீட்டுக் கறிவேப்பிலையைக்கூடக் கேட்காமல் பறித்ததில்லை. அந்த அழுகை பொய்யா? ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளித் திருமுல்லைவாயில். சங்கிலியைப் பிரியேன் என்று திருவொற்றியூரில் சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறிப் புறப்பட்டதும் பார்வை இழந்தார் என்றும், அந்த நிலையில் திருமுல்லைவாயிலுக்கு வந்து பாடினார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பதிகத்தைக் கண் நன்றாகத் தெரிகிற ஓதுவார் பாடுகிறார். யாரும் அவரை நிறுத்தி, உமக்குத்தான் பார்வை இருக்கிறதே என்று கேட்பதில்லை. இந்தப் பக்கம் திருவேற்காட்டில் ஆடி மாதம் முழுக்க ஒலிபெருக்கியில் கருமாரியை அழைப்பது எல்.ஆர்.ஈஸ்வரி. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1968இல் 'பணமா பாசமா'வில் இலந்தைப்பழம் விற்றதும் அதே தொண்டைதான். கூழ் ஊற்ற வருகிறவர்கள் பாடியவரின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்பதில்லை. அம்மனும் கேட்டதாகத் தெரியவில்லை.

பக்தி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இரவல் குரல்தான். நம்மாழ்வார் தலைவியாகி உருகியது முதல் இன்றைய ஞாயிறு ஆராதனை வரை, வேறொருவரின் வாய்க்குள் நுழைந்துதான் கடவுளிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தங்கை கொஞ்சம் யோசித்தாள். பிறகு ரோசெட்டா தார்ப் யார் என்று கேட்டாள். சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட் என்னும் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர், மின்கிதாரோடு கர்த்தரைப் பாடியவர், ராக் பாடகர்கள் பலருக்கும் முன்னோடி என்றேன். அவள் முகம் மலர்ந்தது. "அப்ப அதையே பாடட்டுமே! சாட்சியாவும் ஆச்சு."

மறுத்தது மகள். "இல்ல மாமா. காதல் பாட்டு பாடினா, நடிக்கிறேன்னு கேக்குற எல்லாருக்கும் தெரியும். கர்த்தரைப் பாடி வேஷம் கேட்டா, நான் எதை விக்கிறேன்னு எனக்கே தெரியாது."

இத்தனை வருஷம் இரண்டு மேடையிலும் வாசித்த எனக்கு இதை இப்படிச் சொல்லத் தோன்றியதில்லை. நாடக மேடையில் பொய் சொல்வது கடினம், அங்கே எல்லாமே வேஷம் என்று முன்பே ஒப்புக்கொண்டாகிவிட்டது. பலிபீடத்துக்கு முன்னால்தான் வேஷத்தையும் விசுவாசத்தையும் பிரித்துப் பார்க்க ஆளில்லை. கண்ணை மூடிக் கையை உயர்த்தியபடி, அடுத்த கார்டு எஃப் மைனரா என்று யோசித்துக்கொண்டிருந்த ஞாயிறுகள் என் கணக்கில் உண்டு.

அப்படியானால் வேஷம் என்று சொல்லிவிட்டு எதையும் பாடலாமா? இங்கே நான் மருமகளோடு முரண்பட்டேன். 'ஃப்யூஜியாமா மாமா' அவள் குரலுக்குப் பிரமாதமாகப் பொருந்துகிறது. வாண்டா ஜாக்சன் 1957இல், இருபதை எட்டும் வயதில் அதைப் பாடினார். உறுமலும் கீச்சலுமாக 16 பாரில் ஆளைத் தூக்கி நிறுத்திவிடும். ஆனால் அதில் அந்தப் பெண் தன் காதல் வேகத்தை ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் விழுந்த குண்டோடு ஒப்பிட்டுக் குதூகலிக்கிறாள். குண்டு விழுந்து பன்னிரண்டு ஆண்டுதானே ஆகிறது என்று யாரும் அன்று தடுக்கவில்லை. ஜப்பானிலேயே அது பெரிய வெற்றி. அவர்களே ரசித்தார்கள், உங்களுக்கென்ன மாமா என்றாள். சரியான பதில் என்னிடம் இல்லை. அஜேயா டாங்கி கட்டிச் சம்பளம் வாங்கியவனுக்கு இந்தக் கூச்சம் பொருந்துமா என்றுகூட அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தாவீதின் பாட்டில் செத்துப்போன உரியா கூடவே நிற்கிறான், அவனை நினைத்துத்தான் அந்தக் குரல் உடைகிறது. இந்தப் பாட்டில் செத்தவர்கள் வெறும் எதுகைக்கு நிற்கிறார்கள். உலகப் பாட்டுக்குப் பயந்த தங்கைக்கு இந்த வரிகள் காதில் விழவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கடைசியில் மிஞ்சியது 'ஹூஸ் சாரி நௌ'. 1923இல் எழுதிய பழம்பாட்டு. கோனி பிரான்சிஸுக்கு அது பிடிக்கவே இல்லை. அப்பாவின் பிடிவாதத்துக்காகப் பாடி, 1958இல் அதனாலேயே பெயர் பெற்றார். கைவிட்டுப் போனவன் வருந்தும்போது 'இப்போது வலிக்கிறதா' என்று கேட்கிற பாட்டு. என் மருமகளை யாரும் கைவிட்டதில்லை. எனக்குத் தெரிந்து யாரையும் அவள் காத்திருக்க வைத்ததும் இல்லை. ஆனாலும் முதல் அடியிலேயே பழிவாங்கும் ருசியை இழுத்துப் பாடுகிறாள். எங்கிருந்து எடுத்தாளோ.

தங்கை இன்னும் ஒப்பவில்லை. புதன்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போகும்போது பாஸ்டரிடம் கேட்கப்போகிறாளாம். கேள், கேட்கும்போது 51ஆம் சங்கீதத்தையும் சேர்த்துக் கேள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.