பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைப்போம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழும்படி முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்து கொள்கிறேன்.

உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். கணவர், மனைவி, கைக்குழந்தை மூவரும் மக்காவை விட்டுப் புறப்பட்டார்கள். மனைவியை அவருடைய குலத்தார் தடுத்துக் கொண்டார்கள். குழந்தையைக் கணவரின் குலத்தார் பிடுங்கிக் கொண்டார்கள். இழுத்த இழுப்பில் குழந்தையின் கை பிசகியது. கணவர் மட்டும் மதீனா போய்ச் சேர்ந்தார். உம்மு ஸலமா (ரலி) ஏறத்தாழ ஒரு வருடம் தினமும் அப்தஹ் என்ற இடத்தில் உட்கார்ந்து அழுதார்கள். அபூஸலமா (ரலி) மதீனாவில் பாதுகாப்பாகத்தான் இருந்தார். ஆனால் மனைவி மக்கள் வந்து சேரும் வரை அவர் மனம் எப்படி அமைதியடையும்?

இதே வேதனையை நம் காலத்தில் வியட்நாம் மக்கள் அனுபவித்தார்கள். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. அடுத்த இருபது வருடங்களில் சுமார் 8 லட்சம் பேர் படகுகளில் அண்டை நாடுகளின் கரையை அடைந்தார்கள். கடலில் மாண்டவர்களும் கடற்கொள்ளையரிடம் சிக்கியவர்களும் ஏராளம். மலேசியாவின் திரங்கானு கடலில் பிடோங் என்று ஒரு சின்னத் தீவு. பரப்பளவு சுமார் ஒரு சதுர கிலோமீட்டர்தான். 1979-இல் அங்கே ஏறக்குறைய 40,000 பேர் நெருக்கியடித்துத் தங்கியிருந்தார்கள். மலேசியச் செம்பிறைச் சங்கம் அவர்களுக்குப் பணி செய்தது. அதே காலத்தில் அந்நாட்டுக் கடலோரத்திலிருந்து படகுகள் திருப்பித் தள்ளப்பட்டதும் உண்டு. இரண்டையும் சொல்வதே நியாயம்.

1979 ஜூலையில் ஜெனீவாவில் உலக நாடுகள் கூடின. அகதிகளை நிரந்தரமாகக் குடியமர்த்த 2,60,000 இடங்கள் தருவதாக வாக்களிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன், மே மாதத்தில், ஐ.நா. அகதிகள் ஆணையமும் வியட்நாம் அரசும் இன்னொரு வழியைத் திறந்தன. படகில் ஏறி உயிரைப் பணயம் வைக்காமல், விமானத்தில் சட்டப்படி வெளியேறும் திட்டம் அது. பிரிந்த குடும்பங்களைச் சேர்ப்பதே அதன் முக்கிய நோக்கம். வியட்நாம் ஒரு பட்டியல் தரும்; ஏற்கும் நாடு ஒரு பட்டியல் தரும். இரண்டிலும் பெயர் இருந்தால்தான் பயணம். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான். அப்படிக் காத்திருந்தே 6 லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேறினார்கள்.

சிறைமுகாம்களில் அடைக்கப்பட்ட கணவர்களுக்காக மனைவிமார் போராடினார்கள். அமெரிக்காவில் கூக் மின் தோ என்ற பெண்மணி, அப்படிப்பட்ட கைதிகளின் குடும்பங்களைச் சேர்த்து 1977-இல் சங்கம் அமைத்தார். 1989-இல்தான் விடுதலையான கைதிகளைக் குடும்பத்தோடு அனுப்ப இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. பன்னிரண்டு வருட ஸப்ரு!

சகோதரர்களே! இவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். அதனால் நமக்கென்ன என்று கேட்க முடியுமா? குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த ஒரு பறவையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் உள்ளது. உம்மு ஸலமா (ரலி) அவர்களுக்குக் குழந்தை திரும்பக் கிடைத்து, தனியே ஒட்டகத்தில் கிளம்பியபோது, குபா வரை கண்ணியமாக அழைத்துச் சென்றவர் உஸ்மான் பின் தல்ஹா. அன்று அவர் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை! குடும்பத்தைச் சேர்த்து வைக்கும் நன்மைக்கு மத வேலி கிடையாது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன.

ஒன்று, உண்மை. அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்த பிள்ளைகளை வியட்நாமில் பலர் இழிவாக நடத்தினார்கள். 1987-இல் அவர்கள் குடும்பத்தோடு குடியேற அமெரிக்கா சட்டம் இயற்றியதும், பணம் கொடுத்து, நாங்கள்தான் குடும்பம் என்று பொய்யாகப் பதிந்தவர்கள் உண்டு. ஊர் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பிள்ளைகளைக் கைவிட்டவர்களும் உண்டு. பொய் உறவு எழுதுவது அநாதையின் உரிமையைத் தின்பதாகும்.

இரண்டு, உதவி. அகதியாக வந்தவருக்கு அரிசியும் துணியும் கொடுத்தால் கடமை முடிந்துவிடாது. விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர் நிரப்பிக் கொடுங்கள். மொழி தெரிந்தவர் அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். அதுவும் ஸதகாதான்.

மூன்று, இரத்த உறவு. அந்த மக்கள் ஒரு பட்டியலில் பெயர் வருவதற்காக வருடக் கணக்கில் ஏங்கினார்கள். நாமோ அடுத்த தெருவில் இருக்கும் உடன்பிறந்தவரிடம் சொத்துக்காகப் பேசாமல் இருக்கிறோம். நமக்கும் அவருக்கும் இடையில் எந்தக் கடல் இருக்கிறது? இன்று ஜும்ஆ முடிந்ததும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

யா அல்லாஹ்! மூஸா (அலை) அவர்களைத் தாயின் மடியில் திரும்பச் சேர்த்தவனே! யூஸுஃப் (அலை) அவர்களைத் தந்தையிடம் சேர்த்தவனே! உலகெங்கும் பிரிந்து தவிக்கும் குடும்பங்களை ஒன்று சேர்ப்பாயாக! அதற்குக் காரணமாக எங்களையும் ஆக்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.