மாக்கோழியும் கணினி விளையாட்டும்

கொல்லாமை என்பது கையால் கொல்லாதிருத்தல் மட்டுமன்று. மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் தான் செய்யாமை, பிறரைக் கொண்டு செய்விக்காமை, செய்வார்க்கு உடன்படாமை ஆகிய மூன்றும் கூடியதே கொல்லாமையாகும். இவற்றுள் இரண்டாவதைப் பற்றி நாம் மிகுதியும் சிந்திப்பதில்லை. இன்றைய பிள்ளைகளின் பள்ளிச் செயல்திட்டம் ஒன்று அதனைச் சிந்திக்கச் செய்கிறது.

அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தார் 2007ஆம் ஆண்டு ஸ்கிராட்ச் என்னும் கணினி மொழியைச் சிறுவர்க்கென வெளியிட்டனர். வண்ணக் கட்டைகளைக் கோப்பதுபோல் கட்டளைகளை இணைத்துப் பிள்ளைகளே விளையாட்டுகளை ஆக்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில், நமக்குத் தெரிந்த சிறுமி ஒருத்தி அவ்வாறு ஒன்றை அமைத்தாள். குளத்து நீர்த்துளி திரையில் விரியும். அதில் நீந்தும் நுண்ணுயிர்களைச் சுட வேண்டும். ஓர் உயிர் மடிந்தால் 10 மதிப்பெண். வீட்டுப் பெரியவர்களுள் ஒருவர், "படந்தானே, இதில் பாவம் ஏது?" என்றார். மற்றொருவர், "சமணர் வீட்டுப் பிள்ளை செய்யும் செயலா இது?" என்று வருந்தினார்.

படந்தானே என்பார்க்கு யசோதர காவியம் விடை கூறும். உயிர்ப்பலி இட மறுத்த யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் சொல்லுக்கிணங்கி மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். மாவுக்கு உயிரில்லை, எனினும் கொலை எண்ணம் இருந்தது. அதனால் தாயும் மகனும் பல பிறவிகளில் விலங்காகப் பிறந்து உழன்றனர்.

ஆயினும் அரசன் நிலையும் சிறுமியின் நிலையும் ஒன்றல்ல. அவன் பலி என்று கருதியே வெட்டினான். இவளோ பிற விளையாட்டுகளில் கண்ட வழக்கத்தைப் பின்பற்றினாள். சோர்வுடைய மனத்தோடு உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. திரையில் எவ்வுயிரும் மாயவில்லை. ஆகவே பிள்ளையைப் பாவம் என்று அச்சுறுத்துதல் தகாது.

ஆனால் விளையாடுபவன் வேறு, விதி வகுப்பவன் வேறு. எதற்கு மதிப்பெண் என்று எழுதுபவர், எது பாராட்டத்தக்கது என்று பிறர்க்குக் கற்பிக்கிறார். அதை ஆடும் வகுப்புத் தோழர் அனைவரும் அவ்விதிவழியே நடப்பர். செய்வித்தல் என்பதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

அறிவியலும் இவ்விதியை ஏற்காது. நுண்ணுயிர்கள் அனைத்தும் நோய்க்கிருமிகள் அல்ல. குளத்து நீர்ப்பூச்சிகள் பல, பாசியை உண்டு வாழ்வன. அவற்றை அழித்தால் பாசி பெருகி நீர் பச்சை பூக்கும். காலராக் கிருமி போன்றவை இருப்பதால் நீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டியுள்ளது உண்மையே. இல்லறத்தார்க்கு இத்தகைய ஆரம்ப இம்சை தவிர்க்க இயலாதது. ஆனால் நீரைக் காய்ச்சும் நாம் அதற்காகக் கைதட்டி மகிழ்வதில்லை. வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சையையே இவ்விளையாட்டு கொண்டாடுகிறது.

மாற்று வழி நம் வீட்டிலேயே உண்டு. நீரைத் துணியால் வடிகட்டி, துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே சேர்ப்பது நம் முன்னோர் மரபு. ஒவ்வோர் உயிரையும் இனங்கண்டு, அது எதை உண்ணும் என்றறிந்து, உரிய இடத்தில் விடுவதற்கு மதிப்பெண் அளிக்கலாம். சுடுவதன் விறுவிறுப்பு குறையும் என்று பிள்ளைகள் முறையிடுவர். நேர வரையறை வைத்தால் அக்குறையும் நீங்கும். 84 கட்டங்கள் கொண்ட ஞானச் சௌபட் என்னும் ஆட்டத்தில் வட நாட்டுச் சமணர் நல்வினைக்கு ஏணியும் தீவினைக்குப் பாம்பும் வைத்தனர். அதன் சுவை குன்றவில்லை.

பெற்றோர் கணினியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை, பிள்ளையின் அருகமர்ந்து, "இதில் எதற்கு மதிப்பெண்?" என்று கேட்டால் போதும். விடையைப் பிள்ளையே சிந்தித்துத் திருத்துமாயின், அதுவே நிலைத்த அறமாகும்.