ஆற்றலுக்கு ஆண், பெண் உண்டா?

ஆணும் பெண்ணும் இயற்கையில் வேறுபட்டவர்கள். ஆகவே அவர்கள் ஆற்றும் பணிகளும் வேறுபடத்தான் வேண்டும். இவ்வாறு சொல்வோர் எக்காலத்திலும் உண்டு. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றுகிறது. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க ஞானி பிளேட்டோ இந்த வாதத்தை எடுத்து ஆராய்ந்தார்.

பெண்களுக்கு அரசியல் உரிமை இல்லாதிருந்த ஏதென்ஸ் நகரில் வாழ்ந்தவர் அவர். 'குடியரசு' என்னும் நூலின் ஐந்தாம் பகுதியில், தம் ஆசான் சாக்ரடீஸின் வாயிலாக ஒரு கேள்வியை எழுப்புகிறார். வழுக்கைத் தலையருக்கும் முடி உள்ளவருக்கும் வேறுபாடு உண்டு. அதனால், ஒருவர் செருப்புத் தைத்தால் மற்றவர் தைக்கக்கூடாது என்று விதிக்கலாமா? வேறுபாடு இருந்தால் மட்டும் போதாது. அது அந்தப் பணியைப் பாதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவத்திற்குரிய இயல்பு கொண்ட ஆணும் பெண்ணும் அப்பணியைப் பொறுத்தவரை ஓரியல்பினரே. நாட்டைக் காக்கும் பணியும் அத்தகையதே. எனவே தகுதியுள்ள பெண்ணுக்கு ஆணுக்குரிய அதே கல்வியும் உடற்பயிற்சியும் அளித்து, அப்பொறுப்பையும் தர வேண்டும் என்கிறார் அவர்.

இது ஏட்டோடு நின்றுவிட்ட கனவா? பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே எலப்புள்ளி, மேற்கே ஆனக்கரை. அந்த ஆனக்கரைக் குடும்பத்தைச் சேர்ந்தவர், அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக விளங்கிய அம்மு சுவாமிநாதன். அவருடைய மகள் லட்சுமி 1938-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றினார். 1943-இல் நேதாஜி அங்கே ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது அதன் தலைமையை ஏற்றார். மருத்துவம், காவல் என்று பிளேட்டோ கூறிய இரு உதாரணங்களும் ஒரே பெண்ணிடம் சேர்ந்துவிட்டன! அப்படையில் சேர்ந்தவர்களுள் பலர் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்ப் பெண்கள். அதுவரை அவர்கள் கையில் எவரும் துப்பாக்கியைக் கொடுத்ததில்லை. கொடுக்காதவரை, 'அவர்களால் இயலாது' என்பது இயற்கையின் தீர்ப்பாகவே தோன்றியது. கொடுத்த பிறகுதான் அது சமுதாயத்தின் தீர்ப்பு என்பது விளங்கியது. சுதந்திர இந்தியாவிலும், ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க உடல் இயல்பைத் தடையாகக் காட்டிய வாதத்தை உச்ச நீதிமன்றம் 2020-இல்தான் நிராகரித்தது.

எனினும் பிளேட்டோவிடம் ஒரு குறை உண்டு. பெண்கள் பொதுவாக வலிமை குறைந்தவர்கள் என்றே அவரும் கருதினார்; நாட்டின் நன்மைக்குப் பயன்படுவதாலேயே அவர்களுக்கு இடம் அளித்தார். அப்படியானால் சிறப்பான ஆற்றல் ஏதும் இல்லாதவர்களின் நிலை என்ன?

இதற்கு விடை தருவது வேதாந்தம். ஆத்மா ஆணும் அன்று, பெண்ணும் அன்று என்கிறது சுவேதாசுவதர உபநிடதம். இன்ன பணிக்கு இவர் உரியவர் என்பதை ஆற்றல் முடிவு செய்யலாம். மனிதரின் மாண்பை அது முடிவு செய்வதில்லை. அந்த மாண்பு எல்லோரிடமும் உறையும் ஆத்மாவினால் வருவது.

ஆனால் இந்த உண்மையை ஓதிய நாமே, அதனை நம் இல்லங்களில் கடைப்பிடித்தோமா? பெண்களுக்குக் கல்வி அளியுங்கள். தங்கள் பிரச்சினைகளை அவர்களே தீர்த்துக்கொள்வார்கள் என்பது சுவாமி விவேகானந்தரின் உறுதியான கருத்து. நம் வீட்டுப் பெண் குழந்தையைப் பார்த்து, 'இது உன்னால் ஆகாது' என்று சொல்லுமுன், அதைச் செய்து பார்க்கும் வாய்ப்பை அவளுக்குக் கொடுத்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அந்த வாய்ப்பை அளிப்பதும் ஆத்ம வழிபாடே ஆகும்.