இடிக்கும் முன் கேட்பதா, இடித்த பின் கேட்பதா?

ஓர் ஊரின் ஜமாஅத்தார் தங்கள் பழைய பள்ளிவாசலை இடித்துப் புதிதாகக் கட்ட விரும்புகிறார்கள். நிலம் வக்பு நிலம். பணம் ஹலாலான பணம். எண்ணமும் தூய எண்ணமே. தொழ வருவோர் தொகை பெருகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் பாதிப் பேர் வெயிலில் ஸஃப்பு நிற்கிறார்கள். இந்நிலையில் அவர்கள் யாரையாவது கேட்க வேண்டுமா? வேண்டுமென்றால் யாரை? நம் பள்ளியை நாம் கட்டுவதற்குப் பிறரிடம் ஏன் போய் நிற்க வேண்டும்?

இக்கேள்வி நம்மிடம் பல ஊர்களிலிருந்தும் வருகிறது. ஒரு முறை நாம் இதற்குத் தவறான விடை சொன்னோம். அதைப் பின்னர் சொல்வோம். அதற்கு முன், உலகிலுள்ள பள்ளிகளுக்கெல்லாம் தாயான கஃபத்துல்லாஹ்வின் வரலாற்றிலேயே இக்கேள்விக்கு விடை இருக்கிறதா என்று பார்ப்போம்.

நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் கிடைப்பதற்கு முன், அவர்களுடைய முப்பத்தைந்தாம் வயதில், குறைஷிகள் கஃபாவைப் புதுப்பித்தார்கள். தூய வழியில் வந்த பொருளை மட்டுமே அதில் சேர்ப்பது என்று உறுதி கொண்டார்கள். அப்பொருள் போதவில்லை. ஆகவே இப்ராஹீம் நபி (அலை) எழுப்பிய அஸ்திவாரத்தில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டுக் கட்டடத்தைச் சுருக்கினார்கள். அவ்வாறு விடப்பட்ட இடம்தான் ஹிஜ்ர் என இன்றும் நம் ஹாஜிகள் காணும் இடம்.

மக்கா வெற்றிக்குப் பின் நாயகம் (ஸல்) அவர்கள் நினைத்திருந்தால் ஒரே நாளில் அதைத் திருத்தியிருக்கலாம். தடுக்க யாருமில்லை, அதிகாரம் முழுவதும் அவர்கள் கையில். ஆயினும் அவர்கள் செய்யவில்லை. உம் சமூகத்தார் அறியாமைக் காலத்திலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறார்கள், அவ்வாறு இல்லாதிருந்தால் கஃபாவை இப்ராஹீமின் அஸ்திவாரத்தின் மீது கட்டியிருப்பேன் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கூறினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. மாற்றம் சரியானதே, ஆனால் மக்களின் உள்ளம் அதைத் தாங்குமா என்பதையும் அவர்கள் எடை போட்டார்கள். கட்டடம் கல்லால் மட்டும் ஆனதன்று, அதைப் பார்த்து வளர்ந்த உள்ளங்களிலும் அது நிற்கிறது என்ற உண்மை இதில் அடங்கியிருக்கவில்லையா?

காலம் சென்றது. ஹிஜ்ரி 64-ல் நடந்த முற்றுகையின்போது கஃபா தீப்பிடித்துச் சிதைந்தது. அப்போது மக்காவில் அதிகாரம் செலுத்தியவர் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி). அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மகன். மேற்சொன்ன நபிமொழியை அன்னையின் வாயிலாகவே கேட்டறிந்தவர். கையில் ஆதாரமும் உண்டு, ஆட்சியும் உண்டு. அவர் என்ன செய்தார்? மக்களைக் கூட்டினார். இடித்துக் கட்டுவதா, சிதைந்ததை மட்டும் செப்பனிடுவதா என்று அவர்களிடம் மஷூரா கேட்டார்.

இப்னு அப்பாஸ் (ரலி) எழுந்து மாற்றுக் கருத்துச் சொன்னார்கள். சிதைந்ததைச் செப்பனிடுங்கள், மக்கள் எந்த வீட்டைக் கண்டு இஸ்லாத்தில் இணைந்தார்களோ அந்த வீட்டையும் அந்தக் கற்களையும் அப்படியே விட்டுவிடுங்கள் என்பது அவர்களின் கருத்து. இப்னு ஸுபைர் (ரலி) அதற்குக் கோபப்படவில்லை; என் அதிகாரத்தில் தலையிட நீர் யார் என்று கேட்கவுமில்லை. உங்களில் ஒருவரின் வீடு எரிந்துவிட்டால் அதைப் புதுப்பிக்காமல் திருப்தி அடைவாரா, அவ்வாறிருக்க இறைவனின் வீட்டை எப்படி விடுவது என்று காரணம் சொன்னார்கள். அதன் பின்னும் அவசரப்படவில்லை. மூன்று முறை இஸ்திகாரா செய்த பிறகே முடிவெடுத்தார்கள். இடிக்கும் காலத்தில் தூண்கள் நட்டுத் திரை கட்டி, கிப்லாவின் இடம் மக்கள் கண்ணிலிருந்து மறையாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

ஹிஜ்ரி 73-ல் அவர்கள் ஷஹீதானார்கள். வெற்றி பெற்ற ஹஜ்ஜாஜ், கஃபாவை என்ன செய்வது என்று கலீபா அப்துல் மலிக்குக்கு எழுதினார். ஹிஜ்ரிலிருந்து கூட்டியதை நீக்கிப் பழையபடி ஆக்கும்படியும், இப்னு ஸுபைர் திறந்த வாசலை அடைக்கும்படியும் பதில் வந்தது, அவ்வாறே இடிக்கப்பட்டது. பின்னொரு நாள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடமிருந்து அந்த நபிமொழியைத் தாமும் கேட்டதாக ஒருவர் அப்துல் மலிக்கின் அவையில் சாட்சி சொன்னார். கலீபா தம் கைக்கோலால் சிறிது நேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்துவிட்டு, அவர் கட்டியதை அப்படியே விட்டிருக்கலாமே என்று வருந்தினார் என ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

ஒருவர் கேட்டுவிட்டு இடித்தார். மற்றவர் இடித்துவிட்டுக் கேட்டார். இருவர் முன்னும் இருந்தது ஒரே வீடுதான். பின்னர் வந்த அப்பாஸியக் கலீபா ஒருவர் மீண்டும் அதை இடித்து இப்னு ஸுபைரின் திட்டப்படி கட்ட எண்ணியபோது, அல்லாஹ்வின் வீட்டை மன்னர்களின் விளையாட்டுப் பொருளாக ஆக்கிவிடாதீர்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) தடுத்துவிட்டார்கள். வருகிறவரெல்லாம் தம் பெயர் விளங்க ஒரு முறை இடித்துக் கட்டினால் மக்கள் மனத்தில் அதன் கண்ணியம் என்னாகும் என்பதே அவர்களின் அச்சம். இன்று நம் ஊர்களில் நிர்வாகம் மாறுந்தோறும் ஒரு மினாராவும் ஒரு பளிங்குக் கல்வெட்டும் எழுவதைப் பார்க்கும்போது அந்த இமாமின் சொல் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

இனி, நாம் சொல்வதாகக் கூறிய செய்திக்கு வருவோம்.

மதரஸாவில் ஓதி முடித்து ஸனது வாங்கிய புதிது. கடற்கரை ஊர் ஒன்றின் ஜமாஅத்தார் நம்மை அழைத்து, பழைய கற்பள்ளியை இடிக்கலாமா என்று கேட்டார்கள். நாம் நூலைப் புரட்டவில்லை. பள்ளியைச் சுற்றியும் பார்க்கவில்லை. பள்ளிக்கு அழகு தொழுகையாளிகள்தாம், கல்லுக்கு என்ன மரியாதை என்று சொல்லிவிட்டோம். அனைவருக்கும் மகிழ்ச்சி. கூட்டம் கலையும்போது ஒரு பெரியவர் மட்டும் அருகில் வந்தார். “ஆலிம்சா, வாசல் நிலைக்கு மேலே சுண்ணாம்புக்குள்ள ஒரு கல்லு இருக்குது. அதுலே எழுத்து இருக்குதும்பாங்க. அதை ஒரு தடவை வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்லக்கூடாதா?” என்றார். “பார்ப்போம் மாமா” என்றோம். பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் பள்ளி தரைமட்டமாயிற்று. கற்கள் லாரியில் ஏறிப் போயின.

புதுப் பள்ளி எழுந்தது. பள்ளியின் வடபுறத்துக் கிணற்றைத் தூர்த்து, வருமானத்துக்கென்று கடைகளும் கட்டினார்கள். பின்னர் ஒரு நாள் அவ்வூரில் ஒரு மூதாட்டி, தம் வாப்பா எழுதி வைத்த பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்பினார். அந்த நிலைக்கல்லின் வாசகத்தை அவர் படியெடுத்து வைத்திருந்தார். கிணறும் அதைச் சுற்றிய மனையும் வழிப்போக்கர் எவராயினும் தண்ணீர் குடிக்கவும் நிழலில் தங்கவும் விடப்பட்டவை, வேறு எதற்கும் ஆகாது என்பது அதன் கருத்து. வக்பு செய்தவரின் ஷர்த்தை நாமும் சேர்ந்தே உடைத்திருக்கிறோம்! கேள்வி கேட்ட பெரியவர் அதற்குள் மவுத்தாகிவிட்டிருந்தார். கடைகளின் முன்னே ஒரு தண்ணீர்க் குழாய் வைத்தார்கள். ஆனால் கிணறு கிணறுதான். அந்த மூதாட்டியை முன்பே யாரும் கேட்கவில்லை. பெண்களிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

வாசகர்களே! பழைய கட்டடத்தில் மாற்றம் செய்யுமுன் விசாரிப்பது வெறும் பழமை மோகமன்று. அமானத்தைப் பற்றிய விசாரணை. வக்பு செய்யப்பட்ட பொருள் அல்லாஹ்வுக்கே உரியது என்பது நாம் அறிந்த சட்டம். முத்தவல்லி அதன் உரிமையாளர் அல்லர், காவலர். இன்றைய ஜமாஅத்தும் அதன் உரிமையாளர் அல்லர். நேற்றைய ஜமாஅத்திடமிருந்து வாங்கி நாளைய ஜமாஅத்திடம் ஒப்படைக்க வேண்டியவர். காவலரிடம் கணக்குக் கேட்பது அவமதிப்பாகுமா?

நம் ஷாபிஈ மத்ஹபின் நூல்களில், வக்புப் பொருளின் அமைப்பை மாற்றக் கூடாது என்றே பொதுச் சட்டம் உள்ளது. வீட்டைத் தோட்டமாக்குவதும், குளிப்பறையாக்குவதும் ஆகாது. எனினும் இமாம் ஸுப்கீ (ரஹ்) சிறு மாற்றத்துக்கு மூன்று நிபந்தனைகளோடு இடம் தருகிறார்கள். மாற்றம் அற்பமாக இருந்து வக்பின் பெயரை மாற்றாதிருக்க வேண்டும். அதன் உடைமையில் எதுவும் அழிந்துபோகாமல், எடுத்தது அதன் இன்னொரு பக்கத்தில் பயன்பட வேண்டும். அதனால் வக்புக்கு நன்மை இருக்க வேண்டும். இம்மூன்றையும் யார் எடை போடுவது? இடிக்க விரும்புகிறவரே நீதிபதியாகவும் இருந்தால் நியாயம் நிற்குமா? ஆகவேதான் கேட்க வேண்டும் என்கிறோம்.

“பழையதைப் போற்றுவது கல்லை வணங்குவதில் கொண்டுபோய் விடாதா?” என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். அச்சம் நியாயமானதே, வணங்குவது வேறு, பாதுகாப்பது வேறு என்பதே விடை. கலீபா வலீதின் காலத்தில், ஹிஜ்ரி 88-ஐ ஒட்டி, மதீனாப் பள்ளியை விரிவாக்க நபியவர்களின் மனைவியரின் அறைகள் இடிக்கப்பட்டன. மக்கள் அழுதார்கள். அவற்றை அப்படியே விட்டிருக்கக் கூடாதா, இனி வரும் மக்கள் நபியவர்கள் எத்தனை எளிமையாக வாழ்ந்தார்கள் என்று கண்டு செல்வப் பெருமையைக் கைவிடுவார்களே என்று ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) ஏங்கியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஈச்சமட்டைச் சுவர்களை யாரும் வணங்கச் சொல்லவில்லை. அவை படிப்பினை தந்தன. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1795-ல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளியில், கட்டிய ஆண்டைக் குறிக்கும் பார்சிக் கல்வெட்டை இயற்றியவர் நவாபின் முன்ஷியாக இருந்த ஓர் இந்துப் பெருமகனார். அந்தக் கல் இன்றும் அங்கே இருப்பதால்தான், இந்நாட்டில் நாம் எப்படி வாழ்ந்தோம் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் கற்பள்ளிகளில் கோயில் தச்சர்களின் கைத்திறனே உருவங்களின்றிப் பூவும் கொடியுமாக நிற்கிறது. அதை இடித்துவிட்டு எங்கிருந்தோ வந்த படத்தைப் பார்த்துக் குவிமாடம் எழுப்பினால் சாட்சியை நாமே அழித்தவர்கள் ஆவோம்.

“முஸ்லிமல்லாத அதிகாரிகளுக்கு நம் பள்ளியில் என்ன பேச்சு?” என்பது அடுத்த கேள்வி. மேலே சொன்ன குறைஷிகள் கஃபாவைக் கட்டியபோது, கரைதட்டிய ரோமரின் கப்பல் ஒன்றின் பலகைகளை வாங்கினார்கள். மக்காவிலிருந்த கிப்தித் தச்சர் ஒருவரின் உதவியையும் கொண்டார்கள். அறிவு எவரிடம் இருந்தாலும் பெறுவதில் குறைவில்லை. சிங்கப்பூரில் நம் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளியும் நாகூர் தர்காவும் 1974-ல் தேசிய நினைவுச் சின்னங்களாயின. அது முதல் அனுமதியின்றி அவற்றை மாற்ற முடியாது. சூலியா பள்ளியில் பாங்கு நின்றுவிடவில்லை; சுற்றிலும் மாடி மேல் மாடி எழுந்தபோதும் பள்ளி நிலைத்திருக்கிறது.

ஆயினும் ஒன்றை மறைக்க வேண்டாம். கேட்கும் அதிகாரம் கெடுதலாகவும் முடியலாம். மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தம். ஒழுகும் கூரையைப் பழுது பார்க்கவும் மனுப்போட்டுவிட்டு அடுத்த மழைக்குள் பதில் வருமா என்று காத்திருக்கும் ஏழைக்கு அது பாரமன்றோ? நம் சமுதாயத்துக்கு இத்தகைய அதிகாரங்களின் மீதுள்ள ஐயமும் காரணமற்றதன்று. ஆகவே கேட்கிறவரும் நீதியாகக் கேட்க வேண்டும்: காலக் கெடு வைக்க வேண்டும், இரு தரப்பையும் கேட்க வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இப்னு ஸுபைர் (ரலி) காரணம் சொன்னார்கள் என்பதை நினைவிற் கொள்க. ஆனால் வெளியார் நீதி தவறுவார்கள் என்பது, நாம் நமக்குள்ளேயும் கேளாதிருப்பதற்குச் சாக்காகாது. நம் ஊர் ஜமாஅத்தே முதலில் கேட்கும் சபையாக இருந்தால், வெளியிலிருந்து ஒருவர் தடை கொண்டு வரும் தேவையே பெரிதும் குறையும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். இடமில்லையென்றால் விரிவாக்குங்கள், உமர் (ரலி) அவர்களும் உஸ்மான் (ரலி) அவர்களும் நபிப் பள்ளியை விரித்தார்கள். ஆனால் கடப்பாரை எடுக்கும் முன் திட்டத்தைப் பள்ளி வாசலில் ஒட்டி ஒரு மாதமாவது வையுங்கள். கல்வெட்டுகளைச் சுண்ணாம்பு நீக்கி வாசித்துப் படியெடுங்கள். வக்புப் பத்திரத்தைத் தேடுங்கள். பழைய சுவர் உண்மையிலேயே பலமற்றதா என்று, புதுக் கட்டடத்தின் கான்டிராக்ட் எடுக்காத ஒரு பொறியாளரைக் கேளுங்கள். வக்பு வாரியத்தின் அனுமதியையும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். ஊர்ப் பெண்களைக் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் ஒருவரின் சொல்லையும் முழுவதுமாகக் கேளுங்கள். அதன் பின் இஸ்திகாரா செய்து முடிவெடுங்கள். அப்போது இடித்தாலும் நன்மை, விட்டாலும் நன்மை.

நம்மிடம் ஒரு பெரியவர் கேட்டதைப் போல் உங்களிடமும் ஒருவர் வந்து, அந்தக் கல்லை வாசித்துப் பார்த்தீர்களா என்று கேட்கலாம். பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவரோடு எழுந்து போய்ப் பாருங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்தைக் குறைவின்றி அடுத்தவரிடம் சேர்ப்பிக்கும் தவ்பீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நாம் செய்த தவறையும் மன்னிப்பானாக! ஆமீன்.