பருத்தியும் பாட்டும்

2011-ல் மும்பை மெஹபூப் ஸ்டூடியோவில் நடந்த மஹிந்திரா ப்ளூஸ் விழாவில் பட்டி கய் வாசித்தார். லூசியானாவில் பிறந்து, சின்ன வயதில் பருத்தி எடுத்தவர். டிக்கெட் வாங்கி, வயிறாரச் சாப்பிட்டு, ஒருத்தரின் வலியை ரசிப்பது சரியா என்று கேட்டால், சட்டென 'தப்பு' என்றுதான் வாயில் வரும்.

ஆனால் ப்ளூஸே அப்படித்தான் வளர்ந்தது. மிசிசிப்பியின் ஜூக் ஜாயிண்டுகளில் சனிக்கிழமை ராத்திரி என்றால் பொரித்த மீன், சாராயம், ஆட்டம், பாட்டு எல்லாம் ஒன்றாகத்தான். பாடினவனுக்கும் தின்னவனுக்கும் திங்கட்கிழமை அதே பருத்திக்காடு, அதே கடன் கணக்கு. ஆக, சாப்பாடு பிரச்சினை இல்லை. அந்தத் திங்கட்கிழமை நமக்கு இல்லை என்பதுதான் பிரச்சினை.

சோமனூர்க்காரர்களுக்குப் பருத்தி தூரத்துச் சங்கதி இல்லீங்க. இங்கே கூலிக்கு நெசவு. 2022-ல் கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. மிசிசிப்பித் துயரத்துக்குக் கிதார் இருந்தது, நம் காது அங்கே போனது. தறிச்சத்தத்துக்கு ராகம் இல்லை. அது வெறும் இரைச்சலாகிவிட்டது.

அழகாகப் பாடப்பட்ட துயரத்துக்கு மட்டும் உருகுவது இரக்கமா, ரசனையா? ரசனை என்றே சொல்வேன். ரசிப்பது குற்றமில்லை. அதை இரக்கத்தின் கணக்கில் வரவு வைப்பதுதான் குற்றம். டிக்கெட் காசோடு பாட்டுக்கான கடன் தீர்ந்துவிடும். பக்கத்துத் தறிக்குடோனின் கடன் அப்படித் தீராது.