விற்பது மட்டும்தானா மோசடி?

சிறுநீரகம் என்றாலே 2025ஆம் ஆண்டிலிருந்து சேலம், நாமக்கல் பகுதி மக்களுக்குப் பள்ளிபாளையம்தான் நினைவுக்கு வருகிறது. கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்களின் பேச்சை நம்பித் தம் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளியானபோது, டீக்கடையிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் அதே பேச்சாக இருந்தது. உடல் அல்லாஹ் தந்த அமானத், அதை விற்க மனிதனுக்கு உரிமையில்லை என்று ஒரே குரலில் சொன்னோம். 1994ஆம் ஆண்டுச் சட்டமும் உறுப்பு விற்பனையைக் குற்றம் என்றே சொல்கிறது. சரிதான். ஆனால், விற்றவரிடம் இவ்வளவு கண்டிப்புக் காட்டும் நாம், விற்காமலேயே அந்த அமானத்தைப் பாழாக விடுவதைப் பற்றி என்ன சொல்லப் போகிறோம்? நம் வீட்டுப் பிள்ளைகளின் சிறுநீரகங்களைப் பற்றித்தான் கேட்கிறோம்.

சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப் பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகிறது. பை நிரம்பும்போது அந்தச் சாய்வான பகுதி அமுங்கி மூடிக்கொள்ளும். இறங்கிய நீர் திரும்பி ஏறாது. படைத்தவனின் ஏற்பாடு அப்படி. சில பிள்ளைகளுக்கு அந்தப் பகுதி பிறவியிலேயே குட்டையாக அமைந்துவிடுவதால் நீர் மேலே ஏறுகிறது. நூற்றில் ஒரு பிள்ளைக்கு இப்படி இருக்கலாம் என்பது மருத்துவர்களின் கணக்கு. சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் கண்ட பிள்ளைகளைச் சோதித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கக்கூடும். லேசாக இருந்தால் வளர வளரப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் புண்ணாக்கினால்தான் ஆபத்து. ஆறிய புண் தழும்பாகிறது. தழும்பான இடம் பிறகு வேலை செய்யாது. வலியும் இருக்காது. பல வருஷம் கழித்து இரத்தக் கொதிப்பாகத் தெரியவரும். சிலருக்கு டயாலிசிஸ் வரை கொண்டுபோய்விடும்.

அமெரிக்காவில் 482 பிள்ளைகளைக் கவனித்து 2016ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தழும்பு விழுந்தவர்களுக்கு மருந்து தொடங்குமுன் காய்ச்சல் 72 மணி நேர அளவிலும், விழாதவர்களுக்கு 48 மணி நேர அளவிலும் இருந்திருக்கிறது. ஒரே ஒரு நாள் வித்தியாசம்! அந்த ஒரு நாள் நம் வீடுகளில் எப்படிப் போகிறது? சளியில்லை, இருமலில்லை, காய்ச்சல் மட்டும் அடிக்கிறது. பல் முளைக்கிறது என்கிறார் பாட்டி. கண்ணேறு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மெடிக்கலில் காய்ச்சல் மருந்து வாங்கியாகிறது, ஹஜ்ரத்திடம் ஓதிப் பார்த்தாகிறது. ஓதிப் பார்ப்பதை நாம் குறை சொல்லவில்லை. மருந்து தேடிக்கொள்ளச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்; ஓதிய கையோடு பிள்ளையின் சிறுநீரைச் சோதனைக்குக் கொடுப்பதால் ஈமான் குறைந்துவிடாது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லுக்கும் 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

சுன்னத் செய்த பையனுக்கு இது வராது என்று நம்மில் சிலர் நம்பியிருக்கிறோம். கைக்குழந்தைப் பருவத்தில் சுன்னத்தால் இந்தத் தொற்று வெகுவாகக் குறைகிறது என்பது உண்மையே. ஆனால் பந்தலும் மாலையுமாக ஐந்து வயதிலோ ஏழு வயதிலோ செய்கிறோமே, ஆபத்து மிகுந்த முதல் வருஷம் அதற்குள் கடந்துவிடுகிறது! குழாயின் அமைப்பையும் சுன்னத் மாற்றாது. அந்த முதல் வருஷத்துக்குப் பிறகு தொற்று அதிகம் வருவது பெண் பிள்ளைகளுக்குத்தான்.

அந்தப் பெண் பிள்ளைகள்தாம் பள்ளிக்கூடக் கழிப்பிடத்துக்கு அஞ்சிக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டு, மாலையில் வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். அடக்குகிற பழக்கமும் மலச்சிக்கலும் கிருமிக்கு இடம் கொடுக்கின்றன. சிறுநீரை அடக்கிக்கொண்டு தொழுவதையே மார்க்கம் வெறுக்கிறது. வகுப்பறைக்காக அதைப் பிள்ளையிடம் கேட்கலாமா? மஸ்ஜிதுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிட்ட கிராமவாசியை ஸஹாபாக்கள் அதட்டியபோது, அவரை இடையில் தடுக்க வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் சொல்லிவிட்டு, பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் செய்தார்கள். நாமோ பாயை நனைத்த பிள்ளையை விடியற்காலையில் நஜீஸ் என்று அடிக்கிறோம். தூங்குகிறவரை விட்டும், சிறுவரை விட்டும் பேனா உயர்த்தப்பட்டிருக்கிறதே! பாயை நனைக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த நோய் கிடையாது. ஆனால் அடிபட்ட பிள்ளை, நீர் போகும்போது எரிகிறது என்று பிறகு தாயிடம் சொல்லுமா?

தெரியாமல் நடந்ததற்குப் பெற்றோரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. தெரிந்தபின் தள்ளிப்போடுவது வேறு. பள்ளிபாளையத்தில் விற்றவரின் வாசலில் கடன்காரன் நின்றான். நம்மில் பலர் வாசலில் சோம்பலைத் தவிர யாரும் நிற்கவில்லை. ஆனால் தறிக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது என்பதால் மருத்துவமனைக்குப் போகாத தாயின் கணக்கை இதோடு சேர்க்க நமக்கு மனம் வரவில்லை. அவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் கொடுக்க மஹல்லா பைத்துல்மாலில் இடம் உண்டா என்பதை முத்தவல்லிகள்தாம் சொல்ல வேண்டும்.