கொஞ்சம் தள்ளி நின்னு பார்ப்போமா?

பொங்கல் லீவுக்கு எங்கே போவது என்று எங்கள் வீட்டில் மூணு நாளாக வட்டமேஜை மாநாடு. திருவண்ணாமலைக்காரனுக்கு, ஊருக்கு வருகிறவர்களை வேடிக்கை பார்த்தே பொழுது போய்விடும். நாமே இன்னொரு ஊருக்குக் கிளம்புவது அபூர்வம். இந்தத் தடவை முடிவாகிவிட்டது. கோடியக்கரை! காரிலேயே. விழுப்புரம், கடலூர், சிதம்பரத்தில் இட்லி-கொத்சு, அப்புறம் கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே நாகப்பட்டினம், வேதாரண்யம். 250 கிலோமீட்டருக்கு மேல்.

பையன் பட்டியல் போட்டிருந்தான். வெளிமான், காட்டுக் குதிரை, கலங்கரை விளக்கம், 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய வேதாரண்யம்... கடைசியில், 'பூநாரை - கைதட்டிப் பறக்கவெச்சு போட்டோ' என்று எழுதி, அடிக்கோடு வேறு.

''இதை யாருடா உனக்குச் சொல்லிக் கொடுத்தது?''

''நீங்கதாம்ப்பா! ஹால்ல மாட்டியிருக்கீங்களே, அந்த போட்டோ எப்படி எடுத்தீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?''

சுருக்கென்றது.

பல வருஷங்களுக்கு முன்னால், வேலை விஷயமாக நாகப்பட்டினம் போனவன், அப்படியே கோடியக்கரைக்கும் ஒரு நடை போனேன். முழங்கால் அளவு தண்ணீரில் நூற்றுக்கணக்கில் பூநாரைகள். எல்லாம் தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றைத் துழாவிக்கொண்டு இருந்தன. அழகுதான். ஆனால், போட்டோவுக்குச் சப்பென்று இருந்தது. பலமாகக் கைதட்டினேன். தண்ணீரில் தடதடவென்று ஓடி, மொத்தக் கூட்டமும் கிளம்பியது. இறக்கைக்கு அடியில் அந்தச் சிவப்பு... க்ளிக்!

பக்கத்தில் சைக்கிளோடு நின்றிருந்த உப்பளத் தொழிலாளி ஒருவர், ''சாப்ட்டுக்கிட்டு இருந்துச்சுங்க சார். எழுப்பி விட்டுட்டீங்களே'' என்றார். கோபமெல்லாம் இல்லை. சும்மா சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

பந்தியில் உட்கார்ந்தவனை, ஜென்மப் பகையாளியாகவே இருந்தாலும், பாதி இலையில் எழுப்ப மாட்டோம். நான் ஒரு ஊரையே எழுப்பியிருக்கிறேன். அந்தக் கூட்டத்தின் காலடியில் கொசு உள்ளான் என்று ஒரு பொடிப் பறவையும் மேய்ந்துகொண்டு இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆர்க்டிக் ஓரத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருவது இங்கே சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான். திரும்பிப் போவதற்கான பெட்ரோல் இந்தச் சேற்றில்தான் இருக்கிறது. அதில் ஒரு சொட்டை நான் போட்டோவுக்காகச் செலவு செய்தேன்.

நான் படித்தது பி.காம். வாங்கினவனைப் பற்றில் எழுது, கொடுத்தவனை வரவில் எழுது என்பது முதல் வருஷப் பாடம். சுற்றுலாவில் மட்டும் நாம் இந்தக் கணக்கை எழுதுவதே இல்லை. ஹோட்டலுக்கும் டீசலுக்கும் காசு கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பு.

''அப்ப போகவே வேணாமா?'' என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. 1967-லேயே சரணாலயம், 2002-ல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்றெல்லாம் பட்டம் இருந்தாலும், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தைப் புரட்டிப் போட்ட அன்று, அந்தக் காடும் மான்களும் என்ன ஆயிற்றோ என்று எனக்குப் பதறியதற்குக் காரணம், நான் அங்கே போயிருந்ததுதான். பார்க்காத இடத்துக்காக யார் பதறுகிறார்கள்? யாருமே போகாவிட்டால் காடு பிழைக்கும் என்பதும் பாதிதான் உண்மை. சத்தமில்லாமல் அதை அழிக்கவும் அதுவே வசதி.

ஆக, போகலாம். எவ்வளவு கிட்டே என்பதுதான் சிக்கல்.

இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு வழக்கம் இருக்கிறது. கார்த்திகை தீபம் 2,668 அடி உயர மலை உச்சியில் எரியும். லட்சக்கணக்கானவர்கள் கும்பிடுவது அடிவாரத்திலிருந்தும், மொட்டை மாடியிலிருந்தும், பல மைல் தள்ளியுள்ள கிராமங்களிலிருந்தும்தான். கொப்பரைக்குப் பக்கத்தில் போனால்தான் தரிசனம் என்று யாரும் சொல்வதில்லை. 2024 டிசம்பரில் மலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அந்த வருஷம் தீபத்தன்று பக்தர்களை மலையேற விடவில்லை. கீழே நின்றவர்களுக்கு அதனால் தீபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இதே ஊரில்தான் கிரிவலப் பாதையில் குரங்குக்கு பிஸ்கட் நீட்டி செல்போனில் படம் பிடிக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

''சரிப்பா, எவ்ளோ தூரத்துல நிக்கணும்?'' என்றான் பையன். மீட்டர் கணக்கில் பதில் வேண்டும் அவனுக்கு.

''அது தலையைத் தூக்கி உன்னைப் பார்த்துச்சுன்னா, ரெண்டு அடி பின்னால வந்துடு.''

பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு, 'பைனாகுலர் - மாமாகிட்ட கேக்கணும்' என்று எழுதினான். மாமா தருவாரா என்பது வேறு விஷயம். போன தடவை வாங்கிய டார்ச் லைட்டையே நாங்கள் இன்னும் திருப்பித் தரவில்லை.

ஹாலில் இருக்கும் போட்டோவைக் கழற்றிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

''கழட்டுங்க. ஆனா, பின்னால சுவத்துல காரை பேந்து கிடக்கு. அதை மறைக்கத்தான் அங்க மாட்டினோம், ஞாபகம் இருக்கா?''

இன்னும் கழற்றவில்லை.